ஏ-சான் விஷயமாக ஒரு கூட்டம்

எங்கள் ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் முதலில் அவள் கணவனுக்குத் தெரியும். அடுத்தபடி ஹொன்மா மிசாவோவுக்குத் தெரியும். சில வீடுகளில் இந்த வரிசை மாறியும் இருக்கிறது.

மிசாவோ நகராட்சியின் சுகாதாரச் செவிலி. தாய்-சேய் கையேடு வாங்க வருகிற பெண்களைச் சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது அவள் வேலை. உடம்பைப் பற்றி டாக்டர் கேட்டுக்கொள்வார். மிசாவோ கேட்பது மீதியை: வீட்டில் யார் யார், மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறதா, கணவர் எப்படி, மனசு சரியில்லாவிட்டால் யாரிடம் சொல்வீர்கள், பிரசவத்துக்கு யார் துணை. இரும்புச்சத்து குறைந்தால் மாத்திரை உண்டு, பேச்சுத் துணை குறைந்தால் மாத்திரை இல்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, எங்கள் ஊரில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "பரவாயில்லை" என்பார்கள். ஜப்பான் கடலைத் தாண்டி வரும் ஈரக்காற்று ஒரே இரவில் கூரைமேல் ஆள் உயரத்துக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். உத்தரம் முனகும். வாசலில் நின்று உதவிக்கு வரட்டுமா என்று கேட்டால், "பரவாயில்லை, இந்த வருஷம் கொஞ்சம் கூடத்தான்" என்று அந்தக் கூரைக்கு அடியிலிருந்தே பதில் வரும். உதவி கேட்பது என்பது இங்கே அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. உயிரோடு இருக்கும்வரை செய்ய மாட்டோம். செத்தால் நாலு பேருக்குத் தொந்தரவுதான். அதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைத்தவர்கள் உண்டு.

அதனால் மிசாவோ நேராகக் கேட்பதில்லை. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். வந்தவள் கையில் சூடான பார்லித் தேநீர்க் கோப்பையைக் கொடுப்பாள். பிறகு ஏதோ நேரம் போகவில்லை என்பதுபோல ஆரம்பிப்பாள்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"மீன் சுட்டேன். மிசோ சூப்பு."

"அடடே, நல்ல சாப்பாடு. யாரோட உக்காந்து சாப்பிட்டீங்க?"

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். மீன் வலைக்காரன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு சின்னப் பெண், யோசித்துவிட்டு, "டிவியோட" என்றாளாம்.

"டிவி பாத்திரம் கழுவிச்சா?"

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். மேசை ஓரத்தில், யாரோ மறந்துபோய் விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி எப்போதும் இருக்கும். அதை அப்படி மறந்து வைக்க மிசாவோவுக்கு இரண்டு வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

மாவட்டப் பயிற்சி வகுப்பில் அவள் ஒரு விதி சொன்னாள்: "யாரு சீக்கிரமா 'பரவாயில்லை'ங்கறாங்களோ அவங்க வீட்டுக்கு முதல்ல போங்க." வந்திருந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அந்த அறையில் இருந்தவர்களிலேயே மிக வேகமாக "பரவாயில்லை" சொல்லக்கூடியவள் மேடையில் நிற்பவள்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அவள் கணவர் தெட்சுரோ சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமாகிப் பதினாறு வருடம்; சேர்ந்திருந்த காலத்தை மட்டும் ஒட்டிப் பார்த்தால் நாலு தேறும். சண்டையே வராத குடும்பம். குழந்தை வேண்டும் என்று முதலில் நினைத்தார்கள், பிறகு பேசாமல் விட்டார்கள், பிறகு மறந்தே போனார்கள். நாற்பத்தொன்றாவது வயதில் மிசாவோவுக்குச் சமைக்கும் சோற்றின் வாடை பிடிக்காமல் போனபோது, வயசாகிறது என்று நினைத்து எலும்புக்கு நல்லது என்று சின்ன மீன்களை வாங்கித் தின்றாளாம். ஊரில் அத்தனை பெண்களின் கர்ப்பத்தையும் நடையை வைத்தே கண்டுபிடிப்பவள், தன்னுடையதைக் கண்டுபிடித்தது எல்லோருக்கும் கடைசியில்.

எல்லோருக்கும் கடைசியில் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம் வரும்வரை இதையெல்லாம் வாய்விட்டுப் பேசக்கூடாது என்பது இங்கே மரியாதை. ஊர் அந்த மரியாதையை ஒரு வார்த்தை பிசகாமல் காத்தது. மீன் கடைக்காரர் மட்டும், "இன்னைக்கு டூனா சுமார்தான், ஹொன்மா-சான், விட்டுடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாளுக்கு, கர்ப்பிணிகளுக்கு ஆகாத அதே டூனாவைப் பச்சையாகத் தின்னச் சீவிக்கொண்டே சொன்னார். அந்த அம்மாளும், "ஆமாமா, சுமார்தான்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

விதி என்றால் விதி. சுகாதாரச் செவிலியே ஆனாலும் கையேடு வாங்க வேண்டும். வாங்கினால் சின்ன அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அந்த வருடம்தான், பனி அதிகம் விழாத சைத்தாமாவிலிருந்து வேலைக்கு வந்த தொகாஷி அயுமி. பனி என்றால் படம் எடுக்கிற பொருள் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்த பெண்.

இருவரும் அறைக்குள் போனார்கள். பழக்கத்தில் மிசாவோ கேட்பவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து மாறி உட்கார்ந்தார்கள்.

"ஹொன்மா-சான், கர்ப்பம்னு தெரிஞ்சதும் உங்களுக்கு என்ன தோணிச்சு?"

"சந்தோஷம். அடுத்தது."

"பிரசவத்துக்குத் துணையா..."

"இந்தக் கேள்விக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தணும், தொகாஷி-சான். தேநீரை ஒரு வாய் குடிங்க. அவசரமில்லன்னு அவங்களுக்குத் தோணணும்."

அயுமி தேநீரை ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். "துணையா யாராவது இருக்காங்களா?"

"பரவாயில்ல."

அந்த வருடத்தில் அதைவிட வேகமாக யாரும் சொல்லவில்லை என்று அயுமி பிறகு சொன்னாள்.

நிலவரம் இதுதான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடிப் பல வருடம் ஆகிறது. பிரசவம் என்றால் மலையைத் தாண்டிப் பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும். தேதி பிப்ரவரி முதல் வாரம். அந்த வாரத்தில் மலைப்பாதை திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பாதையின் இஷ்டம். தெட்சுரோவின் கப்பல் ஏப்ரலில்தான் கரை தொடும். மிசாவோவின் அம்மா இல்லை. அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மகள் வந்தால் யாரோ நல்ல செவிலி வந்திருக்கிறாள் என்கிறார், அதில் தவறொன்றும் இல்லை. ஊரில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். பனி நாளில் அது எப்போதும் யாராவது ஒரு தாத்தாவை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்க்கொண்டிருக்கும்.

"ஜனவரிக் கடைசியிலயே அங்க போய் ஹோட்டல்ல தங்கிடுவேன். ரூம் போட்டாச்சு" என்றாள் மிசாவோ.

"எந்த ஹோட்டல்?"

"ஸ்டேஷன் பக்கம்."

அயுமி கொஞ்சநேரம் கோப்பையைப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி யாரோட சாப்பிட்டீங்க?" என்றாள்.

"என்கிட்டயேவா?"

"பதில் சொல்லணுமே, ஹொன்மா-சான்."

"...ரேடியோவோட."

"ரேடியோ பாத்திரம்..."

"போதும், தொகாஷி-சான். நல்லா கேக்கறீங்க. போதும்."

நாற்பது தாண்டிய முதல் பிரசவம், கூட யாரும் இல்லை. இப்படிப்பட்டவர்களின் விஷயம் மாதாந்தரக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அயுமி அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது, வழக்கம்போல, ஹொன்மா மிசாவோ.

இந்தக் கூட்டத்தில் யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது. ஓர் எழுத்தும் மரியாதைக்கு ஒரு 'சான்' என்பதும் சேர்த்து ஏ-சான், பி-சான் என்றுதான் சொல்ல வேண்டும். ரகசியம் காக்க வேண்டுமல்லவா? இருபதாயிரம் பேர் இருக்கிற ஊரில், மூன்று குழந்தையும் காலொடிந்த மாமனாரும் தக்காளிக் கொட்டகையும் உள்ள பி-சான் யார் என்று கண்டுபிடிக்க முடியாதவர் எவரும் அந்த அறையில் இருந்ததில்லை. ஆனாலும் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொண்டவரும் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பெயர்தான் நாகரிகம்.

அன்றைக்கு இருந்தவர்கள் நாலு பேர். மிசாவோ, அயுமி, பிரிவுத் தலைவர் வகாட்சுகி, அப்புறம் தெருவின் நலப் பொறுப்பாளர் ஒதாகிரி. வகாட்சுகி எந்தச் சங்கடத்தையும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தே கடந்துவிடுவார். அப்படியேதான் பிரிவுத் தலைவர் பதவிவரை வந்தார். ஒதாகிரி வேறு ரகம். மீன் ஏலத்தில் கத்திக் கத்தி ஓய்வு பெற்றவர். நலப் பொறுப்பாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழி மட்டும் உண்டு. மிசாவோவின் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி.

அயுமி எழுந்து நின்று படித்தாள். "ஏ-சான். வயசு நாப்பத்தொண்ணு. முதல் பிரசவம். கணவர் கப்பல்ல இன்ஜினியர். ஏப்ரல் வரைக்கும் வரமாட்டார். தொழில்..." நிறுத்தினாள். "அரசு ஊழியர்."

வகாட்சுகி கோப்பைக்குள் பார்த்தார்.

"நம்ம ஊர்தானா?" என்றார் ஒதாகிரி.

"நம்ம ஊர்தான்."

"நான் பாத்ததில்ல" என்று மிசாவோவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார் ஒதாகிரி. சொன்ன பிறகு, மரியாதையை உத்தேசித்து, கூரையைப் பார்த்தார்.

மிசாவோ தலைவியின் குரலில் பேசினாள். "ஏ-சான் ஆஸ்பத்திரி பக்கம் ஹோட்டல்ல தங்க ஏற்பாடு பண்ணியிருக்கறதா சொல்லியிருக்காங்க. அதனால இப்போதைக்குக் கவனிச்சுக்கிட்டு வருவோம்னு நினைக்கிறேன். பி-சானுக்குப் போகலாமா?"

கவனிச்சுக்கிட்டு வருவோம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அர்த்தம். எல்லோரும் தலையாட்ட வேண்டிய இடம். வகாட்சுகி ஆட்டினார். ஒதாகிரி பாதி ஆட்டினார். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் தலைவியை மறுத்துப் பேசுவது எங்கள் அலுவலகங்களில் கிடையாது. அயுமி மறுத்துப் பேசவில்லை. பாடம் கேட்டாள்.

"மன்னிக்கணும், ஹொன்மா-சான். கத்துக்கறதுக்காகத்தான் கேக்கறேன். ஏ-சான் சொன்ன ஹோட்டல் விஷயத்த நம்பலாமா?"

மிசாவோ பேனாவை உருட்டினாள். "ஹோட்டல் பேரு சொன்னாங்களா?"

"இல்ல. ஸ்டேஷன் பக்கம்னாங்க."

"எந்தத் தேதியிலேருந்துன்னு?"

"ஜனவரிக் கடைசின்னாங்க."

மிசாவோ பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப ரூம் போடல."

வகாட்சுகி மறுபடி கோப்பைக்குள் பார்த்தார்.

"ரூம் போட்டவங்க பேரச் சொல்லுவாங்க. காலைச் சாப்பாடு உண்டா இல்லையான்னு சொல்லுவாங்க. குளியல் தொட்டி சின்னதுன்னு குறை சொல்லுவாங்க. ஸ்டேஷன் பக்கம்னு சொல்றவங்க இன்னும் ஃபோனையே எடுக்கல." குரல் கொஞ்சம் ஏறியது. "இவங்க என்ன பண்ணப்போறாங்க தெரியுமா? வலி வந்தா தானே வண்டிய எடுத்துக்கிட்டு மலை ஏறிடலாம்னு இருக்காங்க. பிப்ரவரியில! நானும் இத்தன வருஷமா பாக்கறேன், இந்த மாதிரி ஆளுங்கதான் ரொம்ப ஆபத்து. தனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு."

"பிடிவாதக்காரியோ?" என்றார் ஒதாகிரி, மிகுந்த அனுதாபத்தோடு.

"சொல்லி முடியாது."

"அடேயப்பா."

வகாட்சுகி கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "புருஷன்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருப்பாங்களா?"

"மாட்டாங்க, தலைவரே. எல்லாம் ஏற்பாடாயிடுச்சு, கவலைப்படாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"அது எப்படித் தெரியும்?"

"இந்த ரகம் அப்படித்தான்" என்றாள் மிசாவோ.

இந்த இடத்தைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. தொழில் புத்தி அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது, பேசி முடிக்கும்வரை யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை என்பது அயுமியின் கட்சி. இப்படி ஒரு கதவு திறக்காதா என்று அவள் மாதக்கணக்காக வேலி ஓரம் காத்திருந்தாள் என்பது ஒதாகிரியின் கட்சி. இரண்டும் உண்மையாக இருக்க எனக்குத் தெரிந்து தடையில்லை.

ஒதாகிரி தொண்டையைச் செருமினார். "என் பொண்டாட்டியோட தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல தங்கற விடுதி வெச்சிருக்கா. குளிர்காலத்துல ஈ காக்கா கிடையாது. முன்கூட்டியே போய்த் தங்கிக்கலாம். அதுக்குள்ள வலி வந்தாலும் கொண்டுபோய் விட நம்ம வண்டி இருக்கு. பனி டயர் புதுசு."

"ஏ-சான் வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியாதே" என்றார் வகாட்சுகி. அவர் நகைச்சுவையாகப் பேசியதாக ஊரில் பதிவான ஒரே சந்தர்ப்பம் இது.

"தெரியாதுதான். ஆனா போற வழியில இருக்கும்னு தோணுது."

"ஏ-சான் ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் அயுமி.

"மாட்டாங்க" என்றாள் மிசாவோ. "ரெண்டு தடவ வேண்டாம்பாங்க. மூணாவது தடவயும் கேக்கணும். நாம ரெண்டோட நிறுத்திடறோம், அதுதான் நம்ம தப்பு. பி-சானுக்குப் போகலாமா?"

கூட்டத்தில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் அயுமி, மிசாவோ கோப்பையைக் கழுவி வைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எதிர்மேசைக்குப் போய்க் குனிந்து வணங்கி, புதிதாகச் சொல்வதுபோல ஏற்பாட்டைச் சொன்னாள். மிசாவோவும் புதிதாகக் கேட்பதுபோல ஆச்சரியப்பட்டாள்.

"ஐயய்யோ, அவங்களுக்கெல்லாம் எதுக்குத் தொந்தரவு? வேண்டாம், வேண்டாம்."

இது ஒன்று. கொஞ்ச நாள் விட்டு வேலிக்கு மேலே ஒதாகிரி கேட்டார். "அந்த விடுதி விஷயம், ஹொன்மா-சான்..."

"ரொம்ப நன்றி. ஆனா உண்மையாவே பரவாயில்ல."

இது இரண்டு. இனி மூன்றாவது தடவை கேட்டால் போதும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் எங்கள் ஊராக நடந்துகொண்டது. அயுமி நினைத்தாள்: மூன்றாவது தடவை கேட்கும் உரிமை ஒதாகிரிக்குத்தான், விடுதியும் வண்டியும் அவர் ஏற்பாடு, நடுவில் நான் புகுந்தால் அவருக்கு மரியாதை இல்லை. ஒதாகிரி நினைத்தார்: அது அந்தப் பொண்ணோட உத்தியோகம், நான் முந்தினால் அவளுக்குக் கெட்ட பேர். ஒதாகிரியின் மனைவி ஃபுமியே பெரிய பானையில் முள்ளங்கி வேகவைத்து, கொஞ்சம் மீந்துவிட்டது என்று அடிக்கடி வேலி தாண்டி வந்தாள். வந்தவள், ஆண்களும் அலுவலகமும் கையில் எடுத்த விஷயத்தில் நாம் எதற்கு என்று பானையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். வகாட்சுகி கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, வகாட்சுகி உட்பட.

மிசாவோ காத்திருந்தாள். டிசம்பர் போனது. புத்தாண்டுக்கு அரிசி இடித்துச் செய்த மோச்சி தின்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மிசாவோ தன் வண்டியில் பனிச் சங்கிலி இருக்கிறதா என்று ஒருநாள் பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து ஃபுமியே பார்த்தாள். "என்னங்க, அந்த ஆபீஸ் பொண்ணு மூணாவது தடவ கேட்டுட்டாளா?" என்று கணவரிடம் கேட்டாள். "கேக்காம இருப்பாளா?" என்றார் ஒதாகிரி.

ஜனவரி மூன்றாம் வாரம் பெரிய பனி விழுந்தது. இரண்டு நாள் விடாமல் விழுந்து, ஒரு காலையில் நின்றது. ஒதாகிரி பனி தள்ளும் மெஷினைக் கிளப்பித் தெருவை ஒதுக்கிக்கொண்டு வந்தார். தன் வாசலோடு நிறுத்த வேண்டியவர், வழக்கம்போலக் கை தவறிவிட்டதுபோல, மிசாவோவின் வாசலையும் ஒதுக்கினார். கதவு திறந்தது. மிசாவோ கையில் பெரிய பையோடு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தைக்கு அது தெரியவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க?" மெஷின் சத்தத்துக்கு மேலே ஒதாகிரியின் குரல் சுலபமாக ஏறியது.

"சும்மா... கொஞ்சம் வெளிய... பரவாயில்ல..."

அடுத்த அடி வைத்தவள் வேலிக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒதாகிரி மெஷினை அணைத்தார். அந்த அமைதியில், மிசாவோ, பல வருடமாக ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே குரலை உயர்த்தாதவள், கத்தினாள்:

"மூணாவது தடவ யாருமே கேக்கலையே, ஒதாகிரி-சான்!"

"ஐயோ! அந்தப் பொண்ணு கேட்டிருப்பான்னு நினைச்சேனே!"

"அவ நீங்க கேட்டிருப்பீங்கன்னு நினைச்சிருக்கா!"

"அப்ப... இப்ப கேக்கட்டுமா?"

"சீக்கிரம் கேளுங்க!"

ஒதாகிரி தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. "ஹொன்மா-சான், நம்ம வண்டியில வர்றீங்களா?"

"வர்றேன்!" என்றாள் மிசாவோ. அதையும் மிக வேகமாகத்தான் சொன்னாள்.

ஃபுமியே மேல்கோட்டுக்கு உள்ளே சமையல் ஏப்ரனோடு ஓடிவந்து பின் இருக்கையில் ஏறினாள். மலைப்பாதை அப்போதுதான் திறந்திருந்தது. முன்னால் ஒரு பனிவாரி வண்டி ஆமை வேகத்தில் போனது. அதைத் தாண்டவும் முடியாது, அது இல்லாமல் போகவும் முடியாது. ஒதாகிரி ஜன்னலை இறக்கி ஏலக் குரலில் கத்திப் பார்த்தார். பனிவாரிக்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்து விளக்கைச் சிமிட்டினார்.

"நீங்க கத்தாதீங்க" என்றாள் பின்னாலிருந்து மிசாவோ, இரண்டு வலிகளுக்கு நடுவில். "இன்னைக்கு பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"போடல" என்றாள் ஃபுமியே. "பரவாயில்லன்னுட்டு மெஷினைக் கிளப்பிட்டாரு."

"ஃபுமியே, நீ இப்ப அவங்களப் பாரு!"

"அவங்களத்தான் பாக்கறேன். அவங்க உங்களப் பாக்கறாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண் ஒதாகிரியை நிறுத்தினாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"உறவில்ல. நலப் பொறுப்பாளர்."

"அவங்க பேரு?"

ஒதாகிரி நிமிர்ந்து நின்றார். "அத நான் வெளிய சொல்லக்கூடாது."

"ஐயா, பேரு இல்லாம எப்படி...?"

"உறுதிமொழி எடுத்திருக்கேன், அம்மா. ஏ-சான்னு எழுதிக்குங்க."

"எழுதாதீங்க!" என்றது சக்கர நாற்காலி. போய்க்கொண்டிருந்த நாற்காலியை மிசாவோ கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள். "ஹொன்மா மிசாவோ! வயசு நாப்பத்தொண்ணு, முதல் பிரசவம். புருஷன் கடல்ல இருக்காரு. ஹோட்டல் கீட்டல் ஒண்ணும் கிடையாது. எனக்குப் பயமா இருக்கு. யாராவது கூட இருக்கணும்!"

"அதுக்குத்தானே ஏப்ரன கழட்டாம வந்தேன்" என்று ஃபுமியே கூடவே நடந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. சின்னதுதான், ஆனால் குரலில் குறையில்லை. நகி என்று பெயர் வைத்தார்கள். அமைதியான கடல் என்று அர்த்தம். குழந்தைக்கு அதுவும் தெரியவில்லை.

மிசாவோ சில வாரம் அந்தப் பின்தெரு விடுதியிலேயே தங்கினாள். ஃபுமியேயின் தங்கை அவளை ஒரு பாத்திரம் கழுவவிடவில்லை. அயுமி வந்து, வாசலிலேயே நெற்றி தரையில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல இவளக் கொஞ்சம் பிடிங்க" என்று மிசாவோ குழந்தையைக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். படுத்தவள் எழுந்தபோது இருட்டியிருந்தது. அயுமி குழந்தை விழித்துவிடும் என்று உட்காராமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எங்கே என்று வகாட்சுகி ஆறு தடவை ஃபோன் பண்ணியிருந்தார்.

தெட்சுரோவின் கப்பல் அப்போது இந்தியப் பெருங்கடலில் எங்கோ இருந்தது. தொலைபேசியில், வழக்கம்போல, "எப்படி இருக்கே?" என்று கேட்டார். பதினாறு வருடமாக அதற்கு ஒரே பதிலைக் கேட்டுப் பழகியவர், அடுத்த வாக்கியத்தை முன்பே தயாராக வைத்திருந்தார்.

"முதுகு விட்டுப்போகுது" என்றாள் மிசாவோ. "தூக்கமே இல்ல. இவ ரெண்டு மணிக்கு ஒருதடவ எழுந்து கத்தறா. பால் சரியா வரல, நேத்து அதுக்காக அழுதேன். அன்னைக்கு மலையில செத்துடுவேன்னு நினைச்சேன். உங்ககிட்ட ஹோட்டல் போட்டாச்சுன்னு சொன்னது பொய். இந்த வீட்டு ஊறுகாய் உப்போ உப்பு, அதையும் சொல்ல முடியல. ஏப்ரல் வரைக்கும் எப்படிப் பொறுக்கறதுன்னு தெரியல. சீக்கிரம் வாங்க."

தெட்சுரோ தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டார். பிறகு, "இரு, இரு, வெச்சுடாதே" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பேச அனுமதி வாங்க ஓடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்ற மனிதரைப் பார்த்த கேப்டன், வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாராம்.

இல்லை, வீட்டில் எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம் தெட்சுரோ.